பின்கதவு

ராத்திரி பதினொன்றுக்குத் தொலைபேசி அடித்தால்
ஹாம்பர்க்கிலிருந்து அண்ணன்தான்.
அங்கே அப்போதுதான் சாயங்காலம்.
ஏதோ ஒரு நிறம் பிடிபடாமல் தூரிகையோடு நிற்பான்.

"சர்சென், மீன் ஆலையின் பின்கதவு
பச்சையா, நீலமா?"

மூன்றாம் நாளாக உப்புக் காற்று.
ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி செருகிவிட்டு
அப்போதுதான் படுத்திருந்தேன்.
பின்கதவாம்.
ஆலையைப் பிரித்து இரும்பு விலைக்குப் போட்டு
வருஷம் எத்தனை ஆயிற்று.
"மஞ்சள்" என்றேன்,
தூக்கம் வந்ததால்.
"என்ன மஞ்சள்?"
"முட்டைக்கரு."

அந்த மஞ்சளை ஏழடி உயரத்துக்கு வரைந்தான்.
கண்காட்சிப் புத்தகம் தபாலில் வந்தது.
ஜெர்மன் டீச்சர் பிபிஜமால்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்துச் சொன்னாள்:
மொய்னாக்கின் மஞ்சள் என்று போட்டிருக்கிறதாம்,
பிறந்த மண்ணைத் தவிர
வேறெங்கும் கிடைக்காத மஞ்சளாம்.
அவள் சிரிக்கவில்லை.
நானும்தான்.

அதற்கப்புறம் எனக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று.
துறைமுகத்துக் கிரேனுக்குச் செம்பு கொடுத்தேன்.
அப்பாவின் படகுக்கு வெள்ளைக் கோடு, இரண்டு.
வலை பின்னும் ஜுமாகுலின் தலைத்துணிக்கு
ஒருநாள் மாதுளை, மறந்துபோய் இன்னொரு நாள் ஊதா.
அவன் இரண்டையும் வரைந்தான்.
மறுமுனையில் பென்சில் ஓடும் சத்தம் கேட்கும்,
நடுநடுவே மூச்சு.

கடலைப் பற்றி மட்டும் கேட்கவே மாட்டான்.
அவன் ஊரைவிட்டுப் போன வருஷமே
அது மோட்டார் சைக்கிள் தூரத்துக்குப் போய்விட்டது.
படத்துக்குப் படம் கிட்டே வருகிறது.
போன வருஷப் படத்தில் எங்கள் அடுப்படியில் அலை,
அம்மா முழங்கால் நனைய ரொட்டி சுடுகிறாள்.

அவன் போன பின்பு ஆலையில் நான் டின்னில் அடைத்ததெல்லாம்
பால்டிக் மீன்,
உறைந்து, ரயிலேறி வந்தது.
அந்தக் கடல் இப்போது அவன் வீட்டிலிருந்து
ஒரு மணி நேரமாம்.
அதை அவன் ஒருமுறைகூட வரைந்ததில்லை.

சித்திரை வெயிலில்
காணாமல் போன பசுவைத் தேடிக் கடல்தரையில் போனேன்.
எஸ்பெர்கென் ஆட்டுப்பட்டி போட்டிருந்தான்.
பட்டிக்குக் கதவாய்ச்
சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது அது.
தாழ்ப்பாளில் நான் இழுத்து இழுத்து வளைத்த வளைவு,
தொட்டதும் கை அடையாளம் கண்டுகொண்டது.

சாவியால் சுரண்டினேன்.
துரு. துருவுக்கடியில் சாம்பல்.
சாம்பலுக்கடியில் இன்னொரு சாம்பல், கொஞ்சம் பழசு.
விடாமல் சுரண்டினேன்.
எஸ்பெர்கென் வந்து,
"என்னத்தைத் தேடுகிறாய்?" என்று கேட்டபோதுதான்
உறைத்தது,
நான் மஞ்சளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உதிர்ந்த செதில் ஒன்றைத்
தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.
ஜெர்மனிக்குத் தபால் செலவு
பசுவின் ஒரு மாதத் தீவனம் ஆகும் என்கிறார்கள்.

நேற்று பதினொன்றுக்கு அடித்தது.
அப்பாவின் படகில் கோடு
இரண்டா மூன்றா என்றான்.

மூன்று, என்றேன்.