ஒன்பதாவது மில்லிமீட்டரில்

சுவரில் பலகை, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்:
கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று
இங்கே பார்த்துச் சொல்லப்படாது.
அதன் கீழே படுத்திருக்கிறாள் பெர்னதெத்.
வயது நாற்பத்தொன்பது.
கன்னத்தைக் காட்ட வந்திருக்கிறாள்.
சட்டத்துக்கு வயிறும் கன்னமும் ஒன்றுதான்;
ஸ்கேன் இருக்கும் அறையில்
பலகையும் இருந்தாக வேண்டும்.

ஜெல் குளிரும் என்றேன்.
"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."
போன வருஷமும் குளிர்ந்தது.

ஐஸ்கிரீம் குச்சி அகலமுள்ள முனையை
மூக்கோரம் அழுத்தாமல் வைக்கவேண்டும்.
அழுத்தினால் உள்ளிருப்பது தட்டையாகி
அளவு பொய்யாகும்.
மேலே தோல், ஒரு வெள்ளைக் கோடு.
அடியில் கொழுப்பு. வரிவரியாகத் தசை.
கடைசியில் எலும்பு, அதற்கப்பால் ஒன்றும் தெரியாது.
எலும்புக்குச் சற்று மேலே
ஒன்பதாவது மில்லிமீட்டரில்
அது இருக்கிறது,
கறுப்பாக, விளிம்பு கலையாமல்,
ஊறவைத்த புளியங்கொட்டை மாதிரி.

ஒரு வருஷத்தில் கரைந்துவிடும் என்றுதான் போட்டார்களாம்,
ஐந்து வருஷத்துக்கு முன்,
இந்திராநகரில், ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில்.
வலது பக்கத்தது சொன்னபடி கரைந்தது.

பழைய கம்பெனியின் கண்ணாடி அறையில்
முப்பத்திரண்டு வயது மேலாளன் கேட்டிருந்தான்:
"ரொம்ப டயர்டா இருக்கீங்களா?"
அன்று காலை கப்பன் பார்க்கை
இரண்டு சுற்று ஓடிவிட்டுப் போயிருந்தாள்.
மறு வாரம் ஊசி.
அதற்கு மறு வாரம் வேறொரு கம்பெனியில் நேர்காணல்.

வேலை கிடைத்தது.
இரண்டு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை
பத்து நிமிட வீடியோ அழைப்பில் போனது.
(அழைப்பில் முகம் நன்றாகவே தெரிந்ததாம்.)
காக்ஸ் டவுன் வீட்டைக் காலி செய்தாள்,
காரை விற்றாள்,
அம்மாவைக் கல்பள்ளியில் அடக்கம் செய்தாள்.
இடது கன்னத்தில் போட்டது மட்டும்
போட்ட இடத்தில்.

மூன்று வருஷப் படங்களைத் திரையில் பக்கம் பக்கமாக வைத்தேன்.
பதினொன்று புள்ளி இரண்டு.
பத்து புள்ளி எட்டு.
இன்று பதினொன்று.
"கூடியிருக்கா?"
என் கை பிசகியிருக்கலாம் என்றேன்.
தண்ணீரை இழுத்துப் பிடித்துவைக்கும் பொருள் அது,
மழைக்காலமாகவும் இருக்கலாம் என்று
வாய்வரை வந்தது, சொல்லவில்லை.
இந்தக் கட்டடம் இருந்த இடம் ஏரி.
லிஃப்ட் குழியில் முழங்கால் தண்ணீர்,
நேற்றிலிருந்து மோட்டார் ஓடுகிறது.
"எவ்வளவு இறைச்சாலும் ஊறுது மேடம்" என்கிறான் பையன்,
என்னமோ நான் ஊற்றியதுபோல.

டாப்ளர் போட்டேன்.
தமனி பக்கத்தில் வந்து, தொடாமல்,
ஒதுங்கி மேலேறுகிறது.
நான் பார்க்கவேண்டியது அவ்வளவுதான்;
அழகு என் இலாகா அல்ல.
ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிவப்புப் பொறி.

"சத்தம் வருமா?"
கூட்டினேன்.
துணி துவைப்பதுபோல் சளக் சளக்கென்று.
பதினேழு வருஷம் கர்ப்பிணிகளுக்கு
இந்தக் குமிழைத்தான் திருகினேன்.
அநேகமாக அழுவார்கள்.
பெர்னதெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்ததும் திரை கலைந்தது.
தசை எழும்பிக் கறுப்பைத் தூக்கியது,
அது நீண்டது, ஒடுங்கியது,
வழுக்கிக்கொண்டு மறுபடி தன் இடத்துக்கு வந்தது.
அசையாதீங்க என்று சொல்லியிருக்கவேண்டும்.
சேமிக்கும் பொத்தானை அழுத்தியிருந்தேன்.

கரைக்க ஊசி இருக்கிறது, பத்து நிமிஷ வேலை என்றேன்,
வருஷா வருஷம் சொல்வதை.
டிஷ்யூவால் ஜெல்லைத் துடைத்தபடி
"இருக்கட்டும் டாக்டர்,
அந்த வேலைக்குன்னு வாங்கினதுல
இது ஒண்ணுதான் மிச்சம்" என்றாள்.

அறிக்கை:
இடது கன்னம், எலும்பை ஒட்டி, ஒன்று.
ரத்த ஓட்டத்தில் தடையில்லை.
முந்தைய படத்தோடு ஒப்பிடக் குறிப்பிடும்படி மாற்றமில்லை.
அடுத்த பரிசோதனை பன்னிரண்டு மாதத்தில்.
சிரித்தபோது பதிந்த படத்துக்கு
அதில் கட்டம் எதுவுமில்லை.

லிஃப்ட் இல்லை, படியில் பார்த்துப் போங்க என்று
கதவைத் திறந்து சொன்னேன்.
பாதி இறங்கியிருந்தாள்.