குதிரைக்கு ஆறு சேணம்

எனக்கு முன் இந்த கிடாரைப் பிரித்த ஆளே,
பதினோரு திருகுகளைக் கழற்றி
வெள்ளைத் தகட்டைத் தூக்கியபோதுதான்
உன்னைச் சந்தித்தேன்.

சார்ஜென்ட் அவென்யூ அடகுக்கடையில் எழுபது டாலர்.
கொஞ்சம் இரையும், அவ்வளவுதான் என்றான் கடைக்காரன்.
கொஞ்சமா?
ஒரு பழைய ஃபிரிட்ஜை முழுதாக விழுங்கியதுபோல் இரைந்தது.
வெளியே வின்னிபெக், மைனஸ் முப்பத்திரண்டு.
கீழ்த்தளத்தில், துணி உலர்த்தியின் தலைமேல் துவாய் விரித்து
மல்லாத்திக் கிடத்தினேன்,
கழுத்துக்கு முட்டுக்கொடுக்க அரைப் பை புழுங்கல் அரிசி.

என்ன செய்து வைத்திருக்கிறாய் நீ!
மென்று துப்பிய சூயிங்கம் போல
அள்ளி அப்பிய ஈயம்.
வயர் தீர்ந்ததும் டெலிபோன் வயரை வெட்டி முடிச்சுப் போட்டிருக்கிறாய்.
நடு பிக்கப்பின் அடியில் ஸ்பிரிங் இல்லை,
பாத்திரம் கழுவும் பஞ்சு.
குழியின் சுவரில் பென்சிலால்
மார்ச் 9. ஆண்டு இல்லை.
பக்கத்தில் ‘சரி’ என்று எழுதி,
அடித்து,
ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறிக்காக உன்னை மன்னித்தேன்.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில்
இரண்டு ஞாயிறு ஓவர்டைம் செய்து
இரட்டைச் சுருள் பிக்கப் வாங்கினேன்.
ஒன்று வலம் சுற்றியது, மற்றது இடம்.
ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடுமாம்.
ஒரே சமையலறையில் இரண்டு ஓரகத்திகள்,
சத்தமே வராது என்றால் யார் நம்புவார்?
குழி போதவில்லை. உளியெடுத்தேன்.
மேலே மிகைலோ குதிகாலால் தரையை இரண்டு தட்டு தட்டினான்,
மணி பதினொன்று என்று அர்த்தம்.
சுட்டுவிரலில் கொப்புளம், தலைமயிரில் ஈயப்புகை.

அப்புறமும் இரைந்தது.

ஒன்றரை மணிக்கு
கோபத்தில் பிரிட்ஜையும் கழற்றினேன்.
வீணைக்காரர்கள் இதைக் குதிரை என்பார்கள்.
இந்தக் குதிரைக்கு ஆறு சேணம், கம்பிக்கு ஒன்று.
அதன் வயிற்றைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டிய எர்த் வயர்
மரத்துவாரத்தில் ஒழுங்காகத்தான் எட்டிப் பார்த்தது.
நடுவில்
நான்காக மடித்த ஒரு பஸ் டிக்கெட்.

உயரம் போதவில்லை என்று வைத்தாயா?
அன்றைக்குத்தான் இரைச்சல் தொடங்கியதா?
வயர் வயராகத் தேடினாயா, என்னைப் போல?
நிலத்தில் கால் பாவாதது பேய் என்பார்கள்.
எழுபது டாலருக்கு
கால் பாவாத குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறேன்.

டிக்கெட்டை உருவி, வயரைச் சுரண்டி மினுக்கி,
குதிரையை இறக்கிப் பூட்டினேன்.
கம்பிமேல் கையை வைத்தேன்.
அமைதி.
எடுத்தால் ஒரு சின்ன முணுமுணுப்பு, வைத்தால் அமைதி.
பத்துப் பன்னிரண்டு தடவை
எடுத்து வைத்து எடுத்து வைத்து.
சுவர் ப்ளக் வரைக்கும் நானும் ஒரு வயர்.

ஓவர்டைம் காசை யோசிக்கக் கூடாது.
உளி தின்ற மரத்தையும்.

ஆனால் டிக்கெட் போனதும் தடித்த கம்பி தாழ்ந்து
ஏழாம் கட்டையில் கரகரத்தது.
சேணத்தைத் திருகி உயர்த்தலாம் என்றால்
திருகுகளெல்லாம் துரு, அசையவில்லை.
உனக்கும் அசைந்திருக்காது.
சரி, நீ முட்டாள் இல்லை.
சமையல் அலுமினியத் தாளைக் கிழித்து
எட்டாக மடித்து
டிக்கெட் இருந்த அதே இடத்தில் செருகினேன்.

மூடுவதற்கு முன்
உன் கேள்விக்குறிக்குக் கீழே
பென்சிலால் எழுதினேன்: பஸ் டிக்கெட்.
தமிழில்தான். அடுத்துப் பிரிப்பவர் பாடு.

பதினோரு திருகில் பத்துதான் அகப்பட்டன.
மற்றது உலர்த்திக்குள் விழுந்திருக்க வேண்டும்,
நாளை யாருடைய கால்சட்டையிலோ
கிணுகிணுத்துச் சுற்றும்.