நாலு புள்ளி ஒன்பது

சோமனூரில் பதினாறு தறிக்கு மேலே
என் வாடகை அறை.
டம்ளர் தண்ணீரில் எந்நேரமும் வட்டம் விழும்.
வீட்டுக்காரர் சென்னியப்பன்
கீழே அறுந்த நூலை முடிகிற நேரத்தில்
நான் மேலே பயாஸைத் திறந்து வைத்திருப்பேன்.

காந்திபுரத்தில் ஒருவர் கைமாற்றிவிட்ட பிராசசர்.
"மூணு புள்ளி எட்டுங். அதுக்கு மேல கேக்காதீங்" என்றார்.
கேட்டேன்.

திருப்பூர் கம்பெனிக்குத் துணி டிசைன் செய்கிறேன்,
ஒரு பாவாடையைத் திரையில் சுழலவிட
ஒன்பது மணி நேரம் ஆகிறது,
அதனால்தான் என்று கேட்பவர்களிடம் சொல்வேன்.
அதனால் இல்லை.
பெருக்கத்தை ஒன்று ஏற்றி, சேமித்து, வெளியேறி,
கறுத்த திரையில் முதல் எழுத்து வருமா வராதா என்று
பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்
அந்த ஆறு விநாடிக்காக.

நாலு புள்ளி இரண்டு கூப்பிட்டதும் வந்தது.
நாலு புள்ளி ஐந்து வோல்டேஜ் கேட்டது.
கைக்குழந்தைக்கு மருந்து மாதிரி
மூடியில் அளந்து அளந்து கொடுத்தேன்.
சூடு தொண்ணூற்று நாலில் போய் நின்றது.
கழற்றினேன்.
ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சு,
பதினாறு தறியும் மேலே விட்ட மூச்சு,
விரலால் இழுத்தால் ஒரு முழம் வந்தது.
திரித்து விளக்கே போடலாம்.
காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப்
பச்சைப்பயறு அளவு புதிது வைத்தேன்.
முகப்பில் நைந்த பனியன் துணி கட்டினேன்.
மேசையை மேற்கு ஜன்னலோடு ஒட்டினேன்:
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக
வருகிற காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை.
எழுபத்தொன்று.

ஆனாலும் நாலு புள்ளி ஏழில்
சோதனை மூன்றாவது மணியில் செத்துவிடும்.
கரண்ட் போய் வந்து பதினாறு மோட்டாரும்
ஒரே இழுப்பில் எழும்பும்போது
ஸ்டெபிலைசர் முனகும்,
திரை நீலமாகும்.
நான் மெமரியைக் குறை சொன்னேன்.
சிப்பின் ராசியைச் சொன்னேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை தறிகள் நின்றன.
மீட்டருக்கு இத்தனை பைசா கூட்டிக்கொடு என்று
ஊரே நிறுத்தியது.
டம்ளரில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது.
லைனில் இருநூற்று முப்பத்தெட்டு, அசையவே இல்லை.
நாலு புள்ளி ஏழு விடிய விடிய ஓடியது.
அடுத்த வாரம் எட்டு. அதற்கும் பிறகு
நாலு புள்ளி ஒன்பது,
பன்னிரண்டு மணி நேரம், ஒரு பிழை இல்லை.
துள்ளினேன். துள்ளிய சத்தம் கீழே கேட்டிருக்கும்;
அந்த வீட்டில் அன்றைக்கு அது ஒன்றுதான் சத்தம்.

சென்னியப்பன் படியேறி வந்தார்.
சும்மா இருந்து பழகாத கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டு
திரையைப் பார்த்தார்.
"ஏனுங் அம்மிணி, அதே டப்பா எப்படி வெரசா ஓடுது?"
"வேகமா ஓடச்சொன்னா கூடக் கொடுக்கணுங்க.
கொடுக்காம ஓடச்சொன்னா நடுவழியில நின்னுபோகும்."
"அட," என்றார். "அதைத்தானுங்
பதினெட்டு நாளா நாங்களும் சொல்லிட்டிருக்கறம்."
நான் இந்த மாத வாடகையைப் பற்றி
ஏதோ சொல்லப் போனேன்.
அவர் ஃபேனைக் காட்டி,
"இதுக்கு எண்ணெய் விடோணுமா?" என்றார்.

இருபத்து மூன்றாம் நாள் பேச்சு முடிந்தது.
கேட்டதில் பாதி கிடைத்ததாம்.
காலை ஆறுக்கு ஒரு தறி,
இன்னொன்று, பிறகு எல்லாம்.
நாலு புள்ளி ஒன்பது நீலத்தில் முழுகியது,
ஏழு மணி நேரம் சுழன்ற பாவாடையோடு.

திட்ட வாயைத் திறந்தேன்.
கீழே கருணாம்பாள் அக்கா யாரையோ அதட்டுவது
தறிச்சத்தத்துக்கு மேலே கேட்டது,
வாயெல்லாம் சிரிப்பாக.

பெயிண்ட் பிரஷ்ஷால் பனியன் துணியைத் தட்டினேன்.
அதற்குள் வெள்ளையாய் ஒரு படலம்.
நாலு புள்ளி ஆறு. சேமித்து, வெளியேறி,
ஆறு விநாடி.
டம்ளரில் வட்டம் விழுந்துகொண்டிருந்தது.