முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள்

ஒரு நாள் குறைத்துக் கேட்டிருக்கலாம்.
முந்நூற்று அறுபத்து நான்கு என்று சொல்லியிருந்தால்
அரசுத் தரப்பு வழக்கறிஞர் தலையாட்டியிருப்பார்.
சாப்பிடப் போகும் அவசரத்தில் இருந்தார்.
நானும்தான்.

ஃபால் ரிவர், பிப்ரவரி, தொண்ணூற்றெட்டு.
நீதிமன்றத் தாழ்வாரமெங்கும் ஈரப் பூட்ஸ் நாற்றம்.
டெலியோ அருடா, வயது பத்தொன்பது.
மூடிக் கிடந்த நூற்பாலைக்குள் புகுந்து
செப்புக் குழாய்களை அறுத்தவன்.
காயலான் கடையில் அவன் கைக்கு வந்தது
முப்பத்தொன்பது டாலர்.
ஆலைக்காரர் எழுதிக் கொடுத்த நஷ்டம்
நான்காயிரம்.

விலங்கு பதிந்த மணிக்கட்டைத் தடவியபடி
"ஜெயிலா, மிஸ் கீலி?" என்றான்.
"இல்லையப்பா. ஓராண்டு, அதுவும் நிறுத்திவைப்பு.
குற்றத்தை ஒத்துக்கொள்,
ராத்திரி உன் வீட்டிலேயே சாப்பிடலாம்."
என் பேனாவால்தான் கையெழுத்துப் போட்டான்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்றென்று
இருவருமே சிரித்துக்கொண்டு படியிறங்கினோம்.

எங்கே பிறந்தாய் என்று நான் கேட்கவில்லை.
ஏன் கேட்கத் தோன்றும்?
என் தம்பிகளைப் போலவே ரகரத்தை விழுங்கினான்.
அவர்களைப் போலவே பேஸ்பால் அணியைத் திட்டினான்.
சாவ் மிகேல் தீவிலிருந்து
மூன்று வயதில் அம்மா இடுப்பில் வந்தவன் என்று
எந்த ரகரம் சொல்லும்?

இரண்டு வருடம் முன்பே சட்டம் மாறியிருந்தது.
அதைச் சொல்லும் சுற்றறிக்கை
என் மேசையில், பிரிக்காத உறையில்,
காபிக் கோப்பைக்கு அடியில் இருந்தது.

தலைப்பாகையை அவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள்.
இருபத்திரண்டு வருடம் கழித்து
தலையைக் கேட்டு வந்தார்கள்.

பச்சை அட்டையைப் புதுப்பிக்கப் போனவன்
கண்ணாடித் தட்டில் விரல்களை வைத்தான்.
கூரை வேய்ந்து வேய்ந்து
ரேகை பாதி தேய்ந்த விரல்கள்.
இயந்திரத்துக்கு மீதிப் பாதி போதுமாயிருந்தது.

ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லையே என்றேன்.
சாட்சிக் கூண்டில் நின்று சொன்னேன்,
தவறு என்னுடையது, அவனுடையதல்ல என்று.
குடியேற்ற நீதிபதி கெட்டவர் இல்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.
கழித்த தண்டனை கணக்கில்லையாம்,
எழுதிய தண்டனைதான் கணக்காம்.
ஓராண்டு என்று எழுதிவிட்டால்
அந்தத் திருட்டு வேறொரு பெயர் வாங்கிக்கொள்கிறது.
அந்தப் பெயருக்கு முன்னால்
கட்டிய வரியையோ, பெற்ற மகளையோ,
பனிக்காலத்தில் இலவசமாய் அடைத்துக் கொடுத்த
அண்டை வீட்டு ஓட்டைகளையோ
தராசில் வைக்க அவருக்கே அனுமதியில்லை.

"எனக்கு அதிகாரமில்லை" என்றார்.
அதிகாரத்தின் இருக்கையில் உட்கார்ந்துதான் சொன்னார்.

நோயிலியா என்னைத் திட்டியிருக்கலாம்.
பதினாறு வயது, வழக்குக் கட்டைத் திருப்பித் தர வந்தாள்.
முதல் பக்கத்திலேயே
போலீஸ் தட்டச்சு செய்த வரியொன்று:
பிறந்த இடம், போர்ச்சுகல்.
கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழுகி
மற்ற எழுத்துகளைவிட அழுத்தமாகவே இருந்தது.
அவள் அதில் விரல் வைத்தாள்.
பிறகு விரலை எடுத்துக்கொண்டாள்.

டெலியோ இப்போது தீவில் ஒரு விடுதிக்குச் சாயம் அடிக்கிறான்.
மூன்று வயதுக் குழந்தையின் போர்ச்சுகீசிய மொழியில்
ரொட்டி கேட்கிறானாம், கடைக்காரி சிரிக்கிறாளாம்.
ஞாயிறுதோறும் அழைப்பான்.
மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ
ஒரு நாளும் சொன்னதில்லை.
நேற்றுச் சொன்னது இதுதான்:
"மகள் ஜன்னலுக்கு மேலே தகரக் குழாய்
கழன்று தொங்கும், மிஸ் கீலி.
உறைபனிக்கு முன்னால் யாரையாவது விட்டுப் பாருங்கள்."

எழுபத்தொரு வயதில் நான் எங்கே ஏற?
ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.
வாயில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டு
நோயிலியா ஏறினாள்.