எல்லைக்கு நாற்பதடி அப்பால்

எண்ணி முடித்தபோது
நூற்று முப்பத்தொன்றுக்கு நூற்று இருபது.
தீயணைப்புக் கொட்டகையில் யாரும் கைதட்டவில்லை.
பிறகு கேட்ட தட்டல் கதவில்:
நாற்காலிகளைத் திருப்பி வாங்க
சர்ச்சிலிருந்து ஆள் வந்திருந்தார்.

மார்லிஸ் ஹெக்ஸ்டாட்,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
வில்லோ கிராசிங் நகரத்தின் முதல் மேயர்.
அந்தச் சொல்லை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்,
புதுப்பல் கட்டியவள் நாக்கால் தடவிப் பார்ப்பதுபோல.

நான் அவளுடைய எழுத்தர்.
வாரத்துக்கு ஆறு மணி நேரம்.
டயர் கடையின் பின்னறைதான் நகரமன்றம்;
மூன்று மாதம் எங்கள் தீர்மானங்களில்
ரப்பர் வாசனை அடித்தது.
பேரேட்டின் முதல் பக்கத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
‘பனி’ என்று எழுதினேன்.
வெளியே பெய்துகொண்டிருந்தது.

இந்த நகரத்தைக் கேட்டவர் அவளல்ல,
ஆர்வல் ப்ரெக்கி.
மூன்று கோடை, வீடு வீடாக,
இரண்டு நாய்க்கடி, இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து.
ஓடைக்கரையில் குப்பை கொட்ட வரும் கம்பெனியை
நமக்கென்று ஒரு நகரம் இருந்தால்தான் தடுக்கலாம் என்று
ஒவ்வொரு சமையலறையிலும் உட்கார்ந்து
ஒரே பேச்சை, ஒரே இருமலோடு.

சர்வேயர் வந்தார், கோடு போட்டார்.
ஓடையோடு போன கோடு
ஓடை திரும்பிய இடத்தில் தானும் திரும்பியது.
ஆர்வலின் வீடு
எல்லைக்கு நாற்பதடி அப்பால்.
அவருடைய தபால்பெட்டி மட்டும் உள்ளே.

திருத்தலாம்தான்.
திருத்தினால் மனு மறுபடி முதலிலிருந்து.
“தபால்பெட்டிக்கு ஓட்டு உண்டா?” என்று கேட்டார்.
யாரும் சிரிக்காததால்
தானே சிரித்துவிட்டு டிரக்கை எடுத்தார்.

டிசம்பர் ஒன்பது.
இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்தது.
கவுண்டியின் பனி வாரும் வண்டி
வழக்கம்போல் ஐந்து மணிக்கு வந்தது.
எங்கள் புதிய பெயர்ப்பலகை வரை வந்தது.
அலகைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனது.
சுயாட்சி என்ன ஆழம் என்று
அன்று காலை தெரிந்தது:
முழங்காலுக்கு மேல்.

மேயரின் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை.
ரோண்டாவுக்கு ஏழு மணி ஷிஃப்ட்.
பேக்கரிக்காரருக்கு மாவு லாரி வர வேண்டும்.
பெயர் சொல்லாத ஒருவர்
“சொந்தக் காசில் சூனியம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.
கஜானாவில் நானூற்றுப் பன்னிரண்டு டாலர்,
அதுவும் ஒரு நிறுத்தப் பலகைக்கென்று ஒதுக்கியது.

அவள் நடந்தே போனாள்.
நான் பார்க்கவில்லை, பின்னால் சொல்லிக் கேட்டதுதான்.
நகரத்தின் கடைசிப் பொருளான அந்தத் தபால்பெட்டியருகே நின்று
மேயராகக் கேட்பதா மார்லிஸாகக் கேட்பதா என்று
யோசித்தாளாம்.
அதற்குள் கொட்டகையில் டிராக்டர் உறுமியது.
நாலரை மணிக்கே எழுந்து
எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

ஏழு தெரு. ஒன்பதரைக்குள் முடிந்தது.
அவள் பேருந்து பத்து நிமிடம் மட்டுமே தாமதம் என்று
இன்றும் சாதிக்கிறாள். பொய்.

பேரேட்டில் எழுதினேன்:
பனி அகற்றியது, டிராக்டர் வாடகை, ஒரு டாலர்.
பெறுபவர்: ஆர்வல் ப்ரெக்கி.
அடுத்த கட்டம் கேட்டது: உள்ளூரா, வெளியூரா.
பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.
சட்டப்படி என்னவோ அதையே எழுதினேன்.
மார்லிஸ் படித்தாள், மூக்கை உறிஞ்சினாள்,
கீழே கையெழுத்திட்டாள்,
நகரத்தின் முதல் செலவு.

இப்போதும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறார்.
கடைசி வரிசை, கதவோரம், மடியில் தொப்பி.
போன செவ்வாய் கை தூக்கினார்.
“நகரவாசிகள் மட்டும்தான் பேசலாம், ஆர்வல்” என்றாள்,
தலை நிமிராமல்.
“ஜன்னல் சரியாக மூடவில்லை, அதைச் சொல்லத்தான்.”

நான் எழுந்து போய் மூடினேன்.
கூட்டக் குறிப்பில் அது இல்லை.