செல்லாதவை நான்கு

வார்டு மெம்பர் சீட்டு வெள்ளை.
மற்ற மூன்றும் ரோஸ், பச்சை, மஞ்சள்.
நான்கையும் கையில் கொடுத்தபோது
ஏரிக்கரையில் பலூன் வாங்கிய பிள்ளை மாதிரி நின்றேன்.
மார்கழி. வகுப்பறைக்குள்ளும் பனி.
சேலத்திலிருந்து வந்த வாத்தியார்கள் மப்ளருக்குள்,
இருபது கொண்டை ஊசியின் கிறுகிறுப்பு
இன்னும் முகத்தில்.

என் பிழைப்பு ஒரு குதிரை. பெயர் ராக்கெட்.
ஒரு ரவுண்டு நூற்றைம்பது,
போட்டோ மட்டும் என்றால் ஐம்பது.
சனி ஞாயிறு ஏறி உட்காருகிறவர்களுக்கு இங்கே ஓட்டில்லை.
எஸ்டேட்காரர்களின் ஓட்டு சென்னையில்.
மிச்சம் முந்நூற்றுச் சொச்சம் பேர்:
படகுக்கு டிக்கெட் கிழிப்பவர்,
காபிப் பழம் பறிப்பவர்,
லாட்ஜில் போர்வை மடிப்பவர்,
அப்புறம் நான்.

பஜ்ஜிக் கடை ஞானசவுந்தரி கேட்டது தண்ணீர்க் குழாய்,
கிடைத்த சின்னம் சீப்பு.
வழுக்கைத் தலை டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
கான்ட்ராக்டர் தனக்கோடிக்குப் பூட்டு சாவி.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வெள்ளி மாலை திறக்கும்,
ஞாயிறு இரவு மூடும்.
நடுவில் நான்கு நாள்
மலைக்கு மூத்திரமே வராது என்று
யாரோ முடிவு செய்திருந்தார்கள்.
அதை மட்டும்தான் பேசினாள்,
ஒண்டிக்கடை ரவுண்டானாவில், ஸ்டூல் மேல் ஏறி:
"பூட்டுக்குப் போட்டா பூட்டுதான் கிடைக்கும்."
கேட்டவர்கள் இருபது பேர்.
பாதிப் பேர் பஜ்ஜிக்கு வந்தவர்கள்.

நோட்டீஸை எல்லாம் ராத்திரியோடு கிழித்துப் போட்டார்கள்.
"சீப்பை ஒளிச்சு வெச்சா கல்யாணம் நின்னுடுமா"
என்றாள், மாவு கரைத்துக்கொண்டே.
எனக்கு ஒரு பஜ்ஜி கூடுதலாக வைத்தாள்.
பச்சை பிளாஸ்டிக் சீப்பும் ஒன்று தந்தாள்,
இரண்டு பல் உடைந்தது.

அன்றைக்கே தனக்கோடியின் மச்சான் வந்தான்.
கொள்ளு தீர்ந்திருந்தது.
லாடம் அடித்து மூன்று மாதம்.
கவரில் ஆயிரம்.
எண்ணும் இடத்தில் ஏஜெண்டாக உட்கார இன்னும் ஐந்நூறு.
"குதிரை தலையில கை வெச்சு சொல்லு."
வைத்தேன்.
ராக்கெட் காதை மடக்கிக்கொண்டது.

அட்டை மறைப்புக்குள் நான் மட்டும்.
சீப்பு மூன்றாவது, பூட்டு நான்காவது,
நடுவே மயிர் கனத்தில் ஒரு கோடு.
கை நடுங்கியது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.
கோட்டின் மேலேயே முத்திரையை வைத்து அழுத்தினேன்.
தின்ற பஜ்ஜிக்கும் துரோகமில்லை,
செய்த சத்தியத்துக்கும் துரோகமில்லை.
மடித்துப் போட்டுவிட்டு
வெளியே வந்து பீடி பற்றவைத்தேன்.

சீப்பு நூற்று அறுபத்து மூன்று.
பூட்டு நூற்று அறுபத்து மூன்று.
செல்லாதவை நான்கு.

அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.
ஒன்றில் முத்திரையே இல்லை.
ஒன்றில் எல்லாருக்கும் முத்திரை, தாராள மனசு.
ஒன்றில் பின்பக்கம்.
நான்காவதை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார்.
ஓரத்தில் எண்ணெய்க் கறை.
லாடத்துக்குப் போடுகிற எண்ணெய்.

"சீப்புதான் சார்" என்றான் அவள் தம்பி.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
"பூட்டு சார்" என்றேன்.
வாங்கிய காசுக்கு அவ்வளவு வேலை இருந்தது.
"செல்லாது" என்றார் அவர்.

எவர்சில்வர் டம்ளரில் இரண்டு துண்டுச் சீட்டு.
குலுக்கி எடுத்த கிளார்க்குக்குக் கொட்டாவி.
பூட்டு.

ஞானசவுந்தரி கையெழுத்துப் போட்டாள்.
புத்தாண்டுக் கூட்டம் இன்னும் வடியவில்லை,
கடை திறக்கணும் என்று கிளம்பினாள்.
வாசலில் செருப்பு மாட்டும்போது
என்னிடம்தான் சொன்னாள்:
"யாருக்கோ கை நடுங்கியிருக்கு.
பாவம், குளிரு."

இன்றைக்குச் செவ்வாய். சவாரி இல்லை.
பச்சைச் சீப்பால் ராக்கெட்டின் பிடரியை வாருகிறேன்.
பல் இல்லாத இடத்தில் சிக்கு அப்படியே நிற்கிறது.
விரல் மை நகத்தோடு பாதி வளர்ந்துவிட்டது.
கழிப்பறையில் புதுப் பூட்டு, பித்தளை, நல்ல கனம்.
சில்வர் ஓக் மறைவுக்கு நடக்கிறேன்.
அங்கே ஏற்கெனவே
தனக்கோடிக்குப் போட்ட இரண்டு பேர்.