முந்நூற்றுப் பன்னிரண்டு

மெசின் அப்படித்தான் சொன்னது.
மிஸ்ஸி என்னைப் பார்த்தா, நான் மெசினைப் பார்த்தேன்.
மாங்குளம் ஆஸ்பத்திரி, சனம் நெருங்கிய வாங்கு,
எனக்குப் பின்னால் பதினாறு பேர்
கிளினிக் கொப்பியை விசிறியாக்கிக்கொண்டு.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"
ஒன்றுமில்லை.
"தேத்தண்ணி?"
அதுவுமில்லை. இரவு எட்டரைக்குப் பிட்டு,
அதன்பிறகு பச்சைத்தண்ணி.
நம்பாத கண்ணுக்கு முன்னால்
என் பசி ஒரு பொய்யைப் போலக் குந்தியிருந்தது.

ஏழு வருசமாய் எனக்கு
அம்பகாமக் காட்டில் முழங்காலில் வேலை.
விடிய டிடெக்டரைக் கையில் எடுத்தால்
தெரிந்த இரும்பின்மேல் பிடித்து முதலில் கத்த வைக்கவேணும்.
தெரிந்ததற்குச் சரியாய்க் கத்தினால்தான்
தெரியாத மண்ணுக்குக் கொண்டுபோகலாம்.
பிறகு நாள் முழுக்கக் கத்தும்:
சோடா மூடி, கூரை ஆணி, ரின்மீன் பேணியின் வாய்,
ஆரோ ஒரு பிள்ளையின் கொம்பாஸ் பெட்டி.
ஒவ்வொன்றுக்கும் குனிந்து தூரிகையால் மண் விலக்கினேன்.
மெசின் பொய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
இரும்பென்று மட்டும்தான் அது சொன்னது.
வெடியென்று பயந்தது நான்.

பொறுங்கோ மிஸ்ஸி, என்றேன்.
விரலை மூக்கடியில் பிடித்தேன்.

பாலைப்பழம்.

வரும்வழியில் சைக்கிளை நிறுத்தி
மகளுக்கென்று ஒரு பை நிறையப் பொறுக்கியது.
ஒன்றும் வாயில் போடவில்லை, சத்தியமாய்.
ஆனால் அந்தப் பிசின் வீடு மாறாமல் விரலில் இருந்தது,
ஸ்பிரிட் பஞ்சு ஒருதரம் மேலால் ஓடிப்போக
அசையாமல் கீழே ஒட்டிக்கொண்டு.
துளியில் எவ்வளவு சீனி என்று கேட்டோம்,
மெசின் துளிக்குச் சொன்னது.
இரத்தம் எது, பழம் எது என்று
அதனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

நிர்மலகாந்தி மிஸ்ஸி சிரித்தே விட்டா.
"சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ,
ஈரம் போகத் துடையுங்கோ.
மற்றக் கை. நடுவில் வேண்டாம், ஓரத்தில்.
பிதுக்காதேங்கோ, தானாய் வரட்டும்."

நூற்று நாற்பத்தொன்பது.

அதுவும் நல்ல இலக்கம் இல்லை.
வருத்தம் வருத்தம்தான்.
என்றாலும் முந்நூறை நம்பியிருந்தால்
குளிசையைக் கூட்டியிருப்பினம்,
நான் காட்டுக்குள்
வேர்த்து நடுங்கி விழுந்திருப்பேன்,
சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.

சீட்டுக் காசில் பிறகு ஒரு மெசின் வாங்கினேன்.
வான் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்த ஸ்ரிப்
கண்டபடி உளறும் என்று கண்டேன்.
யோகவதி போத்தலை மூடாமல் விட்டது
ஒரு கிழமைக் கணக்கைக் கெடுத்தது.
முட்டுக்குத் தந்த குளிசை ஏற்றியது, காய்ச்சல் ஏற்றியது,
தண்ணி குடிக்காமல் கவசத்துக்குள் வெந்த நாளும் ஏற்றியது.
விடியப்புறம் ஈரல் தன்பாட்டில் சீனி இறைக்குமாம்,
நாங்கள் எழும்பி நடக்க. அதற்கும் கோபிக்க முடியாது.
மூன்று மாதச் சராசரி ஒன்று இருக்கிறது,
பழத்துக்கு மயங்காதது;
இரத்தம் குறைந்த என்னைப்போல ஆட்களில்
அதுவும் கொஞ்சம் பிசகுமாம்.

மே மாதம் நடுவில் ஒரு காலமை
இருநூற்று ஐந்து.
கை கழுவினேன், ஸ்ரிப் புதிது, அதே பிட்டு.
மூன்று இரவு நித்திரை இல்லை, அவ்வளவுதான்.
காரணம் எழுதும் இடத்தில்
திகதியை மட்டும் எழுதினேன்.
மிஸ்ஸி வாசித்தா, ஒன்றும் கேட்கவில்லை.
அவவும் வட்டுவாகலால் நடந்து வந்தவ.
என் கொப்பியின் மேல் தன் கையை
கொஞ்சநேரம் வைத்திருந்தா,
பின்னால் வரிசை முணுமுணுக்க.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டை
வெட்டிவிடச் சொன்னவை. வெட்டவில்லை.
பக்கத்தில் சின்னதாய் எழுதியிருக்கிறேன்:
பாலைப்பழம். நல்ல காய்ப்பு.